ராஜின் பிள்ளைப் பருவம் எங்கே முடிகிறது? – கேள்வி பதில்

நத்தாஷா அப்பானா பிரெஞ்சில் எழுதி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘லெ டெர்னியே ஃப்ரேர்’ (கடைசிச் சகோதரன்) நாவலைப் பற்றி மொரீஷியஸ் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 1944ஆம் ஆண்டின் முடிவில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருக்கும் ராஜ், மாப்பூவின் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் தன் சகோதரர் இருவரையும் பெருமழையில் பறிகொடுத்தவன். பிறகு தந்தைக்குப் போ பாசின் சிறையில் வேலை கிடைக்க, அங்கே அடைபட்டிருக்கும் டேவிட் என்ற யூதச் சிறுவன் அவனுக்கு நண்பனாகிறான்.

ஐயா, சகோதரர்கள் இறந்த அன்றே ராஜின் வெள்ளை மனம் போய்விட்டது என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேசிக்கொண்டோம். சரிதானா? (காத்ர் போர்ன் வாசகி)

எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று அவன் இழந்தது துணையை. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தந்தையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு உலகம் கொடியது என்பது புதுச் செய்தியும் அல்ல. துன்பப்படுவதால் மட்டும் ஒரு பிள்ளை பெரியவனாகிவிடுவதில்லை. தன்னாலும் பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று உணரும்போதுதான் அந்தப் பருவம் முடிகிறது என்பது என் வாசிப்பு. செத்துப்போன உடன்பிறப்புகளின் இடத்தில் டேவிட்டை வைத்துக்கொள்ள ராஜ் ஆசைப்படுகிறான். அந்த ஆசை அன்புதான், ஆனால் அதில் தன்னலமும் கலந்திருக்கிறது. நோயாளியான சிறுவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டு காட்டு வழியே அலைந்து, அவன் தன் கண்ணெதிரே சாவதைப் பார்த்த பிறகு, இரண்டையும் பிரித்தறிய முடியாத பழைய ராஜ் திரும்பி வருவதேயில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளையின் மேல் பழி போடுவது நியாயமா? (போர்ட் லூயிஸ் வாசகர்)

பழியைப் போடுபவன் நான் அல்லன். எழுபது வயதில் கதையைச் சொல்லும் ராஜ்தான் தன்மேல் போட்டுக்கொள்கிறார். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்காது. நாவலின் கூர்மையே அங்கேதான் இருக்கிறது.

கம்பிக்குள் இருந்தவர்கள் யார் என்று ராஜுக்கு ஏன் தெரியவில்லை? ஊரே அறிந்திருக்காதா? (மோக்காவில் தமிழ் பயிலும் மாணவி)

சிறையில் இருப்பவன் கெட்டவன், வெளியே நிற்பவன் நல்லவன் என்பது பிள்ளைகளின் கணக்கு. தந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது வேலியோரம் ஒளிந்து பார்க்கும் ராஜின் கண்ணில் படுபவர்களோ மெலிந்த, வெளிறிய மனிதர்கள். உண்மை வரலாறு இது: நாஜிகளிடமிருந்து தப்பிப் பாலஸ்தீனம் வந்த யூத அகதிகள் ஏறத்தாழ 1,580 பேரை, நுழைவு அனுமதி இல்லையென்று பிரிட்டிஷ் அரசு 1940 டிசம்பரில் மொரீஷியஸுக்குக் கொண்டுவந்து போ பாசின் சிறையில் அடைத்தது. 1945 ஆகஸ்டில்தான் அவர்களால் இத்தீவைவிட்டுப் போக முடிந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கேயே இறந்தனர். உலகப் போர் நடப்பதையே அறியாத ஒரு பிள்ளைக்கு இதில் எதுவும் எட்டவில்லை. பிற்காலத்தில் அது தெரியவரும்போது, தன் தந்தை யாருக்குக் காவல் நின்றார் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. ஆகவே ராஜ் இரண்டு முறை கண் திறக்கிறான் என்பேன்: ஒருமுறை காட்டில், இன்னொரு முறை வரலாற்றின் முன்னால். எங்கள் பள்ளிக் காலத்தில் இந்த அகதிகளைப் பற்றி எவரும் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை என்பதால், இரண்டாவது என்னை அதிகம் உறுத்தியது.

சிறுவனே நேரடியாகக் கதை சொல்லியிருந்தால் இன்னும் உருக்கமாக இருந்திருக்காதா? (ரோஸ் ஹில் ஆசிரியை)

உருக்கம் கூடியிருக்கலாம், ஆனால் குற்றவுணர்வு நுழைய இடம் இருந்திருக்காது. இந்நாவலில் சிறுவன் செய்கிறான், முதியவர் அதன் பொருளை அறிகிறார். இருவருக்கும் இடையே கிடக்கும் அறுபது ஆண்டுகள்தான் ஒவ்வொரு வாக்கியத்தையும் கனக்கச் செய்கின்றன. சிற்சில இடங்களில் அந்த முதியவர் வேண்டியதற்கு மேல் விளக்குகிறார் என்ற குறையும் எனக்கு உண்டு.

பன்னிரண்டு வயது மகளுக்குக் கொடுக்கலாமா? (திரியோலே வாசகர்)

சிறையின் மருத்துவமனையில் ராஜைச் சேர்க்கும் அளவுக்குத் தந்தை அவனை அடிக்கிறார். அந்தப் பகுதியை முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். என் மகளாக இருந்தால் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து கொடுப்பேன்.