1.5 மைக்ரானுக்கு ஹைட்ரஜன் குழல் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 1064 நானோமீட்டர் என்டி-யாக் துடிப்பு லேசர் இருக்கிறது. காற்றிலுள்ள தூசியை அளக்க, கண்ணுக்கு ஆபத்து குறைந்த 1.5 மைக்ரான் (1500 நானோமீட்டர்) அகச்சிவப்பு ஒளி தேவை. ஹைட்ரஜன் நிரப்பிய ராமன் குழல் தருவதாகவும், 80 சதவீத ஆற்றல் கிடைக்கும் என்றும் ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா? – ஆய்வு மாணவர்

பதில்: வாங்காதீர்கள். அந்தக் குழல் வேலை செய்யும். உங்கள் வேலையைச் செய்யாது.

ராமன் சிதறலில் ஒளி வாயு மூலக்கூறை அதிரவைத்து, அதற்குக் கொடுத்தது போக மீதி ஆற்றலோடு வெளியே வருகிறது. எவ்வளவு கொடுப்பது என்பது வாயுவைப் பொறுத்தது. உங்கள் லேசர், சென்டிமீட்டருக்கு 9398 அலைகள்; இந்த எண்ணையே ஆற்றலின் அளவாகக் கொள்ளலாம். ஹைட்ரஜன் 4155-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 5243, அதாவது 1907 நானோமீட்டர். மீத்தேன் எடுப்பது 2917. மிச்சம் 6481, அதாவது 1543 நானோமீட்டர். உங்களுக்கு வேண்டியது மீத்தேன். கழித்தல் தெரிந்த யாரும் இதைச் சொல்லியிருக்கலாம்.

80 சதவீதம் என்பது புளுகு. அலைநீளம் கூடக்கூட ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலும் குறையும்; 1064-ஐ 1543-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஃபோட்டான் விடாமல் மாறினாலும் 69 சதவீதத்தைத் தாண்டாது. ஹைட்ரஜனில் 56 கூட வராது. பிறகு 80 எங்கிருந்து வருகிறது? மாறாமல் வெளியேறும் 1064-ஐயும் சேர்த்து மீட்டரில் காட்டுவார்கள். ஆபத்தும் அதில்தான். 1543 கண்ணின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். 1064 நேராக விழித்திரைக்குப் போகும். 'கண்ணுக்குப் பாதுகாப்பானது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியிலிருந்து இரண்டும் ஒரே வழியில், கண்ணுக்குத் தெரியாமல் வரும். 1064-ஐ விலக்கும் பிரிப்பான் கண்ணாடி இல்லாத குழலைத் தொடவே தொடாதீர்கள்.

மீத்தேனின் தொல்லை கரி. கதிரை லென்ஸ் வைத்துக் குவித்தால், குவியத்தில் மூலக்கூறு உடைந்து கரித்தூள் உண்டாகும்; அது ஜன்னல் கண்ணாடியில் கறுப்புப் புள்ளியாகப் படியும்; அடுத்தடுத்த துடிப்புகள் அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் இதே தூசி அளவைக்கு மீத்தேனோடு ஆர்கானைக் கலந்து, கதிரைக் குவிக்காமல் குழலுக்குள் பலமுறை கடக்கவிட்டார்கள்.

இடமில்லை, குவித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன். அதில் கார்பனே இல்லை, கரியும் இல்லை. கிடைப்பது 1560 நானோமீட்டர். ஆனால் விலை கடிக்கும். மீத்தேனைவிட வலுவான துடிப்பும் வேண்டும். டியூட்டீரியம் என்று சாதா ஹைட்ரஜனைத் தலையில் கட்டுவார்கள் என்பதால், பணம் கொடுக்கும் முன், அலைநீளம் காட்டும் நிறமாலைமானியில் பாருங்கள். 1560-க்குப் பதில் 1907 தெரிந்தால் சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

'மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைந்த விலைக்காரருக்குக் கொடு' என்று கொள்முதல் குழு சொல்லும். ராமன் விளைவு 1928-ல் கண்டறியப்பட்ட நாட்டில், ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ல் மாலை போடுகிறார்கள். ஒரு வாயு சிலிண்டருக்கான கோப்போ மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழுவோடு வாதாடிப் பயனில்லை. டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்: '1064 நானோமீட்டரைப் பிரித்தெடுத்த பின், 1543-ல் மட்டும், எங்கள் லேசரில், எங்கள் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும்.'