தெளிந்த நீரை விட்டும் ஆற்றில் மீன்கள் சாவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊரின் சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. அறிக்கையில் பி.ஓ.டி. வரம்புக்குள் உள்ளது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் சற்றுத் தள்ளி மீன்கள் செத்து மிதக்கின்றன. எங்கே தவறு? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் அம்மோனியா அளவைக் கேளுங்கள். பி.ஓ.டி. என்பது கரிமக் கழிவு மட்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் சில நாள் சோதனை. பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது தின்னும் ஆக்சிஜன் அதில் பெரும்பாலும் தெரியாது. அம்மோனியா கண்ணுக்கும் தெரியாது, கண்ணாடிபோல் இருக்கும் நீரிலும் அது நிறைய இருக்கலாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நிலையம் விடும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் ஒரு பங்கு கழிவுநீருக்கு நான்கு பங்கு ஆற்று நீர்தான் வருகிறது என்றால், கலந்த பிறகும் 4 மில்லிகிராம் மிஞ்சும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. ஆக, 18 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் தாங்குவதே 7.5 மில்லிகிராம் அளவுதான். காற்றிலிருந்து ஆறு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே போகும், ஆனால் மெல்ல ஓடும் ஆற்றில் அது ஈடுகொடுக்காது. அம்மோனியா மாற நேரம் பிடிப்பதால்தான் பாதிப்பு கழிவுநீர்க் குழாயின் வாயில் தெரியாமல் தள்ளிப்போய்த் தெரிகிறது. வெள்ளக் காலத்தில் அதே கழிவுநீர் எந்தத் தடயமும் இல்லாமல் கரைந்து போய்விடும்.

மீன் எப்போது, எங்கே சாகிறது என்பதைக் குறித்து வையுங்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் பஞ்சம். இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் அந்த நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். பிற்பகலில் செத்தால் அம்மோனியாவின் நச்சைச் சந்தேகிக்கலாம். வெயிலில் பாசி வளர்ந்து பி.ஹெச். (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்) 9-ஐத் தொட்டால், 25 டிகிரியில் அம்மோனியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சு வடிவத்துக்கு மாறிவிடும், பி.ஹெச். 7-இல் அது ஒரு சதவீதம்கூட இருக்காது. குழாய் வாயிலேயே செத்துக் கிடந்தால், கிருமிநீக்கத்துக்குப் போட்ட குளோரின் மிஞ்சி வருகிறதா என்று பாருங்கள்.

பகல் பதினொரு மணிக்கு எடுக்கும் ஒரே மாதிரியை நான் நம்ப மாட்டேன். கரைந்த ஆக்சிஜனை விடிவதற்கு முன்பும், பி.ஹெச்., அம்மோனியா இரண்டையும் பிற்பகலிலும் அளக்க வேண்டும். இடமும் முக்கியம்: நிலையத்துக்கு மேலே ஒன்று, குழாய் வாயில் ஒன்று, நன்றாகக் கலந்தபின் கீழே இரண்டு மூன்று இடங்கள். கழிவுநீர் வெகுதூரம் ஒரே கரையை ஒட்டி ஓடும் என்பதால் இரு கரையிலும் எடுங்கள். மேல்பகுதி மாதிரியை விட்டுவிடாதீர்கள். பிரச்சினை அங்கிருந்தே வரக்கூடும், அப்படியானால் நிலையத்தைக் குறை சொல்வது அநியாயம்.

அம்மோனியாதான் என்று உறுதியானால், நிலையத்தில் கேட்க மூன்று விஷயங்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாக வளரும்; ஸ்லட்ஜை (தொட்டியில் சேரும் பாக்டீரியா நிறைந்த சேற்றை) அவசரமாக வெளியேற்றினால் அதுவும் கூடவே போய்விடும். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராம் அளவில் நிற்கிறதா, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் காற்றடிக்கும் புளோயரை நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன்: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்துபோனால் பி.ஹெச். இறங்கி, எவ்வளவு காற்றடித்தாலும் வேலை நின்றுவிடும். சிறிய நிலையங்களில் பலமுறை புதிய தொட்டி கட்டாமலே இந்த மூன்றைச் சரிசெய்து அம்மோனியாவைக் குறைக்க முடியும். ஆற்றில் நீரோட்டம் குறையும் மாதங்களுக்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள்; அந்த பாக்டீரியா பெருக வாரக்கணக்கில் ஆகும்.