வல்கனின் அடிவயிற்றுக்கு என்ன நிறம்?

வாசகர் கேள்வி: 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1982 ஃபாக்லாந்து போரில் பறந்த எக்ஸ்.எம். 607 விமானத்தைச் செய்ய ஆசை. வல்கன் படங்களைத் தேடினால் அடிப்புறம் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் வெளிர் சாம்பல், இன்னொன்றில் கரும் சாம்பல். எது சரி? என்ன பெயின்ட் வாங்குவது?

மூன்றும் சரிதான், ஆண்டுதான் வேறு. உங்களுக்கு வேண்டியது கரும் சாம்பல். அதன் பெயர் டார்க் ஸீ கிரே. பிரிட்டிஷ் தர எண் பி.எஸ். 381சி 638. கடைக்குப் போகிற அவசரம் இருந்தால் இதோடு கிளம்பிவிடலாம். ஆனால் மேல்புறத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் படித்துவிட்டுப் போங்கள்.

போர் விமானத்தின் நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிய இரண்டு விஷயம் போதும்: அது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, அதைத் தேடும் கண் எங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனின் மீட்டியர், வாம்பயர் போன்ற ஜெட் விமானங்கள் பச்சை-சாம்பலை உதறிவிட்டு வெள்ளி நிறத்துக்குப் போயின. 1950-களில் ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட விமானங்கள் தாழ்வாகப் பறந்து தரைப்படைக்கு உதவ வேண்டியிருந்ததால் பச்சை-சாம்பல் திரும்பி வந்தது.

வல்கன் இதற்கு நேர் எதிர்ப் பாதையில் வளர்ந்தது. 1957-ல் படையில் சேர்ந்த அதன் வேலை, மிக உயரத்தில் போய் அணுகுண்டு போடுவது. அங்கே ஒளிந்துகொள்வது பற்றி யாரும் கவலைப்படவில்லை. சொந்தக் குண்டின் வெப்ப ஒளியில் விமானமே வெந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. அதனால் முழு உடம்புக்கும் பளபளக்கும் வெள்ளை. அடர்ந்த நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், தேசிய வட்டச் சின்னத்தின் சிவப்பையும் நீலத்தையும்கூட இளஞ்சிவப்பாகவும் வெளிர்நீலமாகவும் கரைத்துவிட்டார்கள். என் கண்ணுக்கு இதுவரை வந்த வல்கன்களில் அதுதான் அழகு. நீங்கள் கேட்டது அது இல்லை, சரி.

1960 மே 1-ல் சோவியத் ஏவுகணை ஒன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. உயரம் இனிக் காப்பாற்றாது என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது. வல்கன்களை ரேடாருக்குக் கீழே, தரையை ஒட்டிப் பறக்கச் சொன்னார்கள். இப்போது அதைத் தேடும் கண் மேலே இருக்கும் எதிரிப் போர் விமானத்தில் இருக்கிறது. பின்னணியில் தெரிவது காடும் வயலும். 1964 முதல் முதுகில் டார்க் கிரீன், மீடியம் ஸீ கிரே என்ற இரு நிறங்கள் ஏறின. அடிப்புறம் வெள்ளையாகவே இருந்தது. உங்கள் முதல் படம் இது.

1970-களின் தொடக்கத்தில் பளபளப்பை எடுத்து மேட் ஆக்கினார்கள். வட்டச் சின்னத்தின் வெள்ளை வளையத்தை நீக்கிச் சிவப்பும் நீலமும் மட்டும் வைத்தார்கள். அடிப்புறம் லைட் ஏர்கிராஃப்ட் கிரே என்ற வெளிர் சாம்பல் ஆனது. இது இரண்டாவது படம். இதிலும் ஒரு குறை இருந்தது. தாழ்வாகப் பறக்கும் விமானம் திரும்பும்போது சாய்கிறது, அப்போது வெளிர் வயிறு மேலே இருப்பவனுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ரெட் ஃபிளாக் பயிற்சிக்காக 1979-ல் சில வல்கன்களுக்கு அடிப்புறத்திலும் உருமறைப்பைச் சுற்றி அடித்தது இதனால்தான். எக்ஸ்.எம். 607-க்கு இந்த வடிவத்தைப் போட்டுவிடாதீர்கள்.

1982 ஏப்ரல் 30 இரவு அட்லான்டிக் கடலின் அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுதளத்தில் 21 குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது அந்த விமானம். இரவு வேலை, கீழே விமான எதிர்ப்புப் பீரங்கிகள். அதற்காகவே பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் அடிப்புறத்தை டார்க் ஸீ கிரே ஆக்கினார்கள், படைப்பிரிவுச் சின்னங்களையும் மறைத்தார்கள். கிட்டில் வரும் அழகான படைப்பிரிவுச் சின்னங்களின் டீக்கால்களை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பொறி. ஸீ கிரே என்ற பெயரில் மூன்று பெயின்ட் உண்டு. மீடியம் ஸீ கிரே (637) வெளிர். டார்க் ஸீ கிரே (638) நடுத்தரம். எக்ஸ்ட்ரா டார்க் ஸீ கிரே (640) மூன்றிலும் அடர்த்தி, அது கடற்படைக்காரர்களுடையது. ஹன்டர், ஹாரியர், ஜாகுவார் போர் விமானங்கள் எல்லாவற்றுக்கும் முதுகில் டார்க் ஸீ கிரே. அவற்றில் ஒன்றைச் செய்து மிச்சமான புட்டியை வல்கன் முதுகிலும் அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் மேலும் கீழும் ஒரே சாம்பலாகிவிடும். எக்ஸ்.எம். 607 முதுகுக்கு மீடியம் ஸீ கிரேயும் டார்க் கிரீனும் (641). இரண்டாம் உலகப் போர் ஸ்பிட்ஃபயரின் அடிப்புறத்துக்காக வாங்கிய மீடியம் ஸீ கிரே வீட்டில் இருந்தால் அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டாம். எந்தக் கம்பெனி பெயின்ட் ஆனாலும் பெயரைவிட எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது.

பச்சையும் சாம்பலும் சேரும் விளிம்பில் ஸ்ப்ரே அடிக்கும்போது கவனம் வேண்டும். உங்கள் மாடலில் 1 மி.மீ. பிசிறு, நிஜ விமானத்தில் 7 செ.மீ.க்கு மேல். அவ்வளவு புகைமூட்டமான விளிம்பு நிஜத்தில் கிடையாது. ஆகவே மாஸ்கிங் டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, கூர்மையாகவே அடியுங்கள். இறக்கையின் அகலம் ஏறக்குறைய 47 செ.மீ. வரும், ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் சாம்பலை முதலில் முழுதாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் பச்சைக்குப் போங்கள்.

அடுத்து பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபேன்டம் போர் விமானம் செய்வதாக இருந்தாலும் முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். 1970-களின் கடைசி வரை அது பச்சை-சாம்பல். அப்புறம் வானில் சண்டையிடுவது மட்டுமே வேலை என்றானதும், ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பார்லி என்பவர் வகுத்த வெளிர் சாம்பல்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு பார்லி கிரே என்று அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. தானியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேட் பெயின்ட் மேல் டீக்கால் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளை வளையம் இல்லாத சிவப்பு-நீல வட்டம், அது காய்ந்த பிறகு மேட் வார்னிஷ்.