எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள்

மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. வேலைக்குப் போகிறான், வருகிறான். அழுவதில்லை, யாரிடமும் சண்டை போடுவதில்லை. ஆனால் இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டான். தினமும் ஷட்டில் ஆடப் போவான். இப்போது பேட்டில் நரம்பு அறுந்து மூலையில் கிடக்கிறது, மாற்றிக்கொண்டு வரவே இல்லை. விடிகாலை நாலு மணிக்கே விழித்துக்கொள்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்லக்கா, டயர்டா இருக்கு" என்கிறான். அம்மா சோம்பேறித்தனம் என்கிறார். இது டிப்ரஷனா? அவனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில்: அந்த பேட்டைக் கவனித்தீர்களே, நல்ல அக்கா நீங்கள். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அழுகையே வருவதில்லை. "அழவாவது வந்தா தேவலை டாக்டர்" என்று சொன்னவர்கள் உண்டு. சோகம் வெளியே தெரிவதற்கு முன்பே பிடித்த காரியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழத் தொடங்கும். அதனால்தான், ஒருவர் புதிதாக என்ன செய்கிறார் என்று தேடாதீர்கள், எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் பார்க்கிற அறிகுறிகள் ஒன்பது: மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் ஆர்வமின்மை, தூக்கம் கெடுவது, பசி மாறுவது, சோர்வு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்றவுணர்வு, கவனம் நிற்காமை, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். நீங்கள் எழுதியதிலேயே மூன்று தெரிகிறது: ஆர்வம், தூக்கம், சோர்வு. மற்றவை உள்ளே இருப்பவை, தம்பி வாய் திறந்தால்தான் தெரியும். வேலைக்குப் போய்வருகிறாரே என்று அம்மா ஆறுதல்பட வேண்டாம். இருக்கிற தெம்பையெல்லாம் வேலையில் செலவழித்துவிட்டு வருவதால்தான் வீட்டில் சுருண்டு விடுகிறார்.

இந்த ஒன்பதையும் ஒன்பது கேள்விகளாக்கி 'பிஎச்கியூ-9' என்ற படிவம் இருக்கிறது. 2001 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தம்பி சம்மதித்தால் நிரப்பச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. ஏன் வந்தது என்று அது சொல்லாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் இதே வேஷத்தில் வரும், அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று: முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறின உற்சாகத்தோடு, கண்டபடி செலவழித்துக்கொண்டு இருந்ததுண்டா? இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

என் கதையைச் சொல்கிறேன். முதுநிலைப் படிப்பின் இரண்டாம் வருடம். மனநலம்தான் படித்துக்கொண்டிருந்தேன், அதுதான் வேடிக்கை. என் கைக்கடிகாரம் நாலு இருபதில் நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்றவில்லை, கழற்றவும் இல்லை, மூன்று வாரம் அப்படியே கட்டிக்கொண்டு வார்டு சுற்றினேன். பேராசிரியர்கள், நண்பர்கள், வீட்டார் யார் கண்ணிலும் படவில்லை. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் ஒருவர், கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "டாக்டர், உங்க வாட்ச் போன வாரமும் நாலு இருபதுதான் காட்டுச்சு. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" நான் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். ஆனால் மறுநாள் என் சீனியரிடம் போய் உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி இரண்டு மாதம் தள்ளி வந்திருந்தால் படிப்பை விட்டிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே நீங்களும் பார்த்ததைச் சொல்லுங்கள். "ஏன்டா இப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தால் அவர் பதில் தேட வேண்டியிருக்கும், அவரிடம் பதில் இல்லை. "ரெண்டு மாசமா நீ ஆடப் போகல. நாலு மணிக்கே உன் ரூம்ல லைட் எரியுது. எனக்குக் கவலையா இருக்குடா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது பகுதிதான் அக்காக்களுக்குக் கஷ்டம். எதிரும் புதிருமாக உட்கார வேண்டாம். சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள், முகம் பார்க்காமல் பேசுவது அவருக்குச் சுலபம்.

சாவைப் பற்றியும் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வருகிறது. ஆமாம் என்றாலோ, எப்படி என்று யோசித்தும் வைத்திருந்தாலோ, தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றால், "டாக்டரைப் பாரு" என்று சொல்லிவிட்டு ஒதுங்காமல் நீங்களே நேரம் வாங்கிக் கூடப் போங்கள். போன் எடுத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குவதே அவருக்கு இப்போது மலை ஏறுகிற வேலை.

கேள்வி: டிப்ரஷனுக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. நிறுத்திவிடலாமா? பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: நிறுத்தாதீர்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது, பாதியில் விடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். போதை மாதிரி டோஸை ஏற்றிக்கொண்டே போகச் சொல்லும் மருந்து இல்லை இது. ஆனால் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அதைப் பார்த்துத்தான் 'அடிமையாகிவிட்டேன்' என்று பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பல வருடமாக மன அழுத்தம். எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். எனக்கும் பிள்ளைகளுக்கும் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: முதலில் ஒரு முணுமுணுப்பு. ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையும் 'மன அழுத்தம்' என்றே சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்தால் முதலாவது இறங்கிவிடும். இரண்டாவது விடுமுறையிலும் கூடவே வரும். அம்மாவுக்கு இருப்பது இரண்டாவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பரம்பரையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் என்கின்றன. மீதியில் நாம் கை வைக்க இடமிருக்கிறது. தடுப்பூசி போல உத்தரவாதமாகத் தடுக்க வழியில்லை, ஆபத்தைக் குறைக்கலாம். உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் தூக்கத்தைக் கேட்பேன். தூக்கமின்மை நோயின் விளைவு மட்டுமில்லை, பலருக்கு முன்னால் வந்து நிற்கிற தூதனும் அதுதான். வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதம் தூக்கம் வராமல் போனால் அதற்கே தனியாகச் சிகிச்சை எடுங்கள். மாத்திரை இல்லாமல் பழக்கங்களைத் திருத்தும் சிகிச்சையே முதல் தேர்வு. உடற்பயிற்சியும் உதவும். 'மனசு சரியில்லை' என்று குடிக்க ஆரம்பிப்பவர்கள் எதிர்த் திசையில் போகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டிப்ரஷன் வந்த பெற்றோரின் பதின்ம வயதுப் பிள்ளைகள் 316 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் குழுவாகப் பயிற்சி: தலைக்குள் ஓடும் நம்பிக்கையற்ற எண்ணங்களைக் கையும் களவுமாகப் பிடித்துச் சோதிப்பது எப்படி என்று. பிறகு ஆறு மாதம் மாதமொரு சந்திப்பு. பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 21 பேருக்கு நோய் வந்தது, மற்றவர்களில் 33 பேருக்கு. நல்ல பலன்தான். ஆனால் அந்தச் சமயம் பெற்றோரே நோயின் பிடியில் இருந்த வீடுகளில் பயிற்சி பலிக்கவில்லை. ஆகவே பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் தாயிடம் நான் திருப்பிக் கேட்பது: நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. என்னைப் போன்றவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பேஷாக. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006-ல் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார மையங்களின் வெளியே மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். 'நட்பு பெஞ்சு' என்று பெயர். டிப்ரஷன் என்ற வார்த்தையைப் பாட்டிகள் பேச்சில் கொண்டுவரவில்லை. அந்த ஊர் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். 573 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான்.

பாட்டிகள் அறிவுரை சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள், ஓய்வு பெற்றவர்களுக்கு இதை அடிக்கோடிட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. முழுக்கக் கேட்கிறார்கள். கொட்டிக் கிடக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் வந்தவரையே எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் என்ன என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நிலைமை கைமீறித் தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

இதே முறையில் தெரிந்தவர் ஒருவரோடு நீங்களும் ஆரம்பிக்கலாம். அடுத்த வாரம் அதைச் செய்தாரா என்று மறக்காமல் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காரியம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும், பாதியாக வெட்டிக் கொடுங்கள்.