சீன வரலாற்றுத் தொடர்களில் கைதியைக் கூட்டிப்போகும் பயணம் ஏன் இவ்வளவு ஆபத்தாக இருக்கிறது?

நாடு கடத்தப்பட்டவரைக் காவலர்கள் தொலைதூர ஊருக்கு நடத்தியே கூட்டிப்போவதுதான் இது. தாங் அரச வம்சக் காலச் சட்டப்படி அதிகபட்ச தூரம் 3,000 லீ (பழைய சீனத் தூர அளவு), அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடையில் பூட்டிய தங்கத்தைவிட வழியில் போகும் தங்கத்துக்குத்தான் ஆபத்து அதிகம், இல்லையா? நீதிமன்றத்தில் எல்லாம் பதிவாகும், ஆனால் நடுக்காட்டில் கைதி செத்தால் காவலர் சொல்வதுதான் கதை, அதனால் கைதி வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கும் பெரிய அதிகாரிக்கு அந்தக் காவலர்களுக்குக் காசு கொடுப்பதே சுலபமான வழி. பழைய சீன நாவலில் வரும் லின் சோங் என்ற கைதிக்கு அப்படித்தான் நடக்கும்: கழுத்தில் மரப்பலகை, காலைக் கொதிநீரில் அமுக்கி வேகவைத்து, மறுநாள் அந்தக் கொப்புளங்களோடே புதுச் செருப்பைப் போட்டு நடக்கவிடுவார்கள். படிக்கவே மனசு பதறும்.

அப்புறம், ஆபத்து எப்போதும் வழிமறிக்கும் கும்பலிடமிருந்துதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லின் சோங்கைக் கொல்லப் பார்த்தது காவலர்கள், காட்டில் பாய்ந்து வந்தவர் அவரைக் காப்பாற்றிய நண்பர்.