கறிக்கு ஒரு கவிதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நியூசிலாந்தின் டனீடின் நகரில் வேலை பார்க்கும் என் மகனை, ஜனவரி 25 அன்று அங்குள்ள ஸ்காட்லாந்துக்காரர்களின் சங்கம் 'பர்ன்ஸ் விருந்து'க்கு அழைத்திருக்கிறது. பேக்பைப் ஊதி ஒரு கறி உருண்டையை ஊர்வலமாகக் கொண்டுவந்து அதன் முன் கவிதை படிப்பார்களாம். கவிஞரைக் கொண்டாடக் கறி எதற்கு?
– வாசகி, ராயபுரம்

பதில்: அந்தக் கறிக்கு ஹாகிஸ் என்று பெயர். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பது. போட்டியும் ஈரலும் வாங்கிச் சமைக்கும் ராயபுரத்து அடுக்களைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. குடியானவர் வீட்டில் 1759-இல் பிறந்த ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், பிரெஞ்சுப் பதார்த்தங்களை எள்ளிவிட்டு, இந்த ஏழைச் சமையலைக் குலத்தலைவன் என்று விளித்துப் பாடினார். எனவே அந்த விருந்தில் கறிதான் பாடுபொருள். கத்தியைப் பற்றிய அடி வரும்போது படிப்பவர் உண்மையாகவே கத்தியை இறக்குவார். ஆவி பறக்க உள்ளிருப்பது பிதுங்கி வெளியே வரும்.

பர்ன்ஸ் எழுதியது ஆங்கிலத்துக்கு உறவான ஸ்காட்ஸ் மொழியில். 1786-இல் 612 படிகள் அச்சான அவருடைய முதல் நூலிலேயே அருஞ்சொற்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், வெளிநாட்டில் பிறந்த ஸ்காட்லாந்துப் பேரப்பிள்ளைகளின் திண்டாட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அவர் 37 வயதில் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1801-இல், ஒன்பது நண்பர்கள் அவர் பிறந்த அலோவே குடிசையில் கூடி ஹாகிஸ் உண்டு கவிதை படித்ததே முதல் விருந்து. அது நினைவு நாளில் நடந்தது. பிறகுதான் பிறந்தநாளுக்கு மாறியது.

புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் அவருக்கும் மூத்தவை. அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் 1729-இல் தோன்றிய புனித ஆண்ட்ரூ சங்கத்தின் முதல் வேலை, கையில் காசில்லாமல் தவித்தவர்களுக்கு உதவுவது. உங்கள் மகன் இருக்கும் ஊருக்கோ உறவே உண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு, அந்நாட்டின் இன்னொரு மொழியான கேலிக்கில் உள்ள பெயர்தான் டனீடின். 1848-இல் அங்கே குடியேறியவர்களுக்கு வழிகாட்டிய பாதிரியார் தாமஸ் பர்ன்ஸ், கவிஞரின் தம்பி மகன். (திருச்சபை மூப்பர்களைக் கிண்டலடித்த கவிஞரின் வீட்டிலிருந்து ஒரு பாதிரியார்!) நகர மையத்தில் 1887 முதல் கவிஞரின் சிலை நிற்கிறது.

கேள்வி: இத்தகைய விழாப் படங்களில் ஆண்கள் கட்டம் போட்ட பாவாடை அணிந்திருக்கிறார்களே, பர்ன்ஸும் அப்படித்தான் உடுத்தினாரா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இல்லை. கில்ட் எனப்படும் அந்த உடை மலைநாட்டாருடையது, பர்ன்ஸ் சமவெளிக்காரர். 1746-இல் அரசு தடைசெய்து 1782-இல் மீண்டும் அனுமதித்த அவ்வுடை, 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோதுதான் நாட்டுக்கே பொதுவானது போல ஆயிற்று. ராயபுரத்து அம்மையாரின் மகன் சாதாரணக் கோட்டுடன் போகலாம். முடிவில் எல்லோரும் எழுந்து, பழைய நட்பைப் போற்றும் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' என்ற பாட்டைப் பாடுவார்கள். கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்ள வேண்டியது கடைசிக் கண்ணியில்தான், பலர் முதல் வரியிலேயே கோத்துவிடுகிறார்கள்.