வோக்மன் கேள்வி பதில்: முதலில் பற்றறியைக் கழட்டுங்கோ

திருகோணமலை உவர்மலையில் முப்பது வருஷமாய் றேடியோ, கசெட் திருத்துகிறேன். பழைய வோக்மன், அதுதான் சோனியின்ர கையடக்கக் கசெட் பிளேயர், பற்றிக் கேட்டவைக்கு என்ர பதில். முன்னால இருக்கிறது கேட்டவையின்ர ஊர்.

உப்புவெளி: அண்ணை, அப்பாவின்ர வோக்மன் இரையுது, கசெட் சுத்தேல்ல. மோட்டர் போட்டுதோ?

இரையுதெண்டால் மோட்டருக்கு உயிர் இருக்குது தம்பி. போனது பெல்ட். பழைய றப்பர் உருகித் தார் மாதிரிக் கப்பியில ஒட்டியிருக்கும். பஞ்சில ஸ்பிரிட் தொட்டு முழுக்கத் துடையும். உருகின பெல்டை அளக்கேலாது. பெல்ட் ஓடுற பாதையில நூலைச் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாய் வாங்கும். இறுக்கம் கூடினால் மோட்டர் திணறும், தளர்ந்தால் பாட்டு ஆடும். பற்றறிக் கம்பியில வெள்ளையாய்ப் பூத்திருந்தால் வினாகிரியால துடைச்சுக் காயவிடும். எங்கட கடல் காத்துக்கு மிச்சத் துரு தானாய் வரும். பாவிக்காத வோக்மனில பற்றறி விட்டுவைக்காதையும்!

கிண்ணியா: என்னட்டை ஒண்டு இருக்குது, என்ன விலைக்குப் போகும்?

மொடலே சொல்லேல்ல. நான் திருத்துறவன், விக்கிறவனில்லை.

சாம்பல்தீவு: சேர், முதல் வோக்மனில ரெண்டு ஹெட்ஃபோன் துளை ஏன்?

நல்ல கேள்வி. அது டிபிஎஸ்-எல்2. 1979 ஜூலை 1இல் ஜப்பானில் வந்தது, விலை 33,000 யென். விமானப் பயணத்தில பாட்டுக் கேக்க ஒண்டு வேணுமெண்டு சோனியைத் தொடங்கினவையில் ஒருவரான இபுகா கேட்க, நிருபர்கள் பாவிச்ச பிரஸ்மன் எண்ட சின்ன றெக்கோடரில பதிவு வசதியையும் ஸ்பீக்கரையும் கழட்டி ஸ்டீரியோ ஆக்கினார்கள். தனியக் கேட்டால் பக்கத்தில இருக்கிறவர் கோவிப்பார் எண்டு சோனியைத் தொடங்கின மற்றவரான மொறீட்டாவுக்குக் கவலை. அதுதான் ரெண்டு துளை. செம்மஞ்சள் பொத்தானை அமத்தினால் பாட்டு தணியும், மைக் வழியாய் ரெண்டு பேரும் கதைக்கலாம். சனம் தனியத்தான் கேட்டுது, பிறகு சோனி அந்தப் பொத்தானையே விட்டிட்டுது.

அன்புவழிபுரம்: சோனி கண்டுபிடிச்சதெண்டு ஏன் பொய் சொல்லுறீங்கள்? பவெல் எண்டவர்தான்.

நான் அப்பிடி எங்க சொன்னனான்? அந்திரேயாஸ் பவெல் 1977இல் இத்தாலியில் ‘ஸ்டீரியோபெல்ட்’ எண்ட, உடம்பில கொண்டுதிரியிற பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். பிரிட்டன் நீதிமன்றத்தில தோற்றார், விடாமல் நிண்டு 2003இல் சோனியோட சமரசத்துக்கு வந்தார். யோசனை முதலில வந்தது அவருக்கு, கடையில வச்சு வித்தது சோனி.

உவர்மலை: அப்பிடிப் பாத்தால் கசெட்டே 1963இல பிலிப்ஸ் கொண்டுவந்ததுதானே?

ஓம், அதுக்கு முந்தி நாடா, அதுக்கு முந்தி காந்தம். கோணேசர் மலையடிக்குப் போய் நிண்டால் ராவணன்தான் எல்லாத்துக்கும் முதலெண்டு சொல்லவும் ஆள் வரும்.

அன்புவழிபுரம்: கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ.

சொல்லியாச்சு தம்பி. திரும்ப வாசியும்.

நிலாவெளி: 120 நிமிஷக் கசெட் போடலாமோ?

வேண்டாம். நாடா மெல்லிசு, சுருண்டு றோலருக்குள்ள போகும்.

திருமலை நகரம்: பழைய வோக்மன் என்ன விலை போகும்?

கிண்ணியாக்காரருக்குச் சொன்னதே.

மூதூர்: ஐயா, 2004 சுனாமியில நனைஞ்ச வோக்மன். உள்ள ஒரு கசெட், அம்மா கதைச்சது. பாடுமோ?

வோக்மனை விடுங்கோ தங்கச்சி, உப்பு அதைத் திண்டிருக்கும். கசெட்டை எந்த மெஷினிலும் போட்டுப் பாக்காதையுங்கோ. நாடாவில உப்புக் காஞ்சிருந்தால் ஓடேக்க உரஞ்சும், குரல் போயிடும். பென்சில் போட்டுச் சுத்தவும் வேண்டாம், வெயிலில வைக்கவும் வேண்டாம். கூட்டை உடைச்சு, நாடாவை வடிச்ச தண்ணியில கழுவி, நிழலில காயவிட்டு, ஆணி பூட்டின வேற கூட்டுக்கு மாத்தவேணும். அப்பிடியே ஒரு துணியில சுத்திக் கொண்டுவாங்கோ. காசு வேண்டாம்.

மூதூர்: பற்றறி உள்ளதான் இருக்குது ஐயா.

இருக்கட்டும். நான் கழட்டுறன்.